‘இ.வி.’ வருகிறது: தமிழ்ப் பிரிவு எதைக் காட்டுவது?

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் தொடக்கப்பள்ளி ஒன்றில் தமிழாசிரியை. இந்த ஆண்டு தமிழ்ப் பிரிவை ஒருங்கிணைக்கும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர். ஜூலையில் எங்கள் பள்ளிக்கு வெளி மதிப்பீட்டுக் குழு வருகிறது; ‘இ.வி.’ (எக்ஸ்டர்னல் வேலிடேஷன்) என்கிறோமே, அதுதான். எங்கள் தாய்மொழித் துறைத்தலைவர் சீனமொழி ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் “தமிழைப் பற்றிக் கேட்டால் நீங்கள்தான் பேசவேண்டும்” என்று சொல்லிவிட்டார். ஐந்து ஆண்டுக் கோப்புகளை அடுக்கவேண்டும், ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதவேண்டும். என் வகுப்பைப் பார்க்க வருவார்கள் என்றும் அட்டவணையில் இருக்கிறது. போன ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தமிழ் முடிவுகள் வேறு சறுக்கிவிட்டன. எங்கள் மூத்த ஆசிரியரோ, “எல்லாம் வயாங், வெறும் கூத்து. முடிந்ததும் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை” என்று ஒதுங்கிக்கொள்கிறார். எங்கிருந்து தொடங்குவது? பாடத்தை மாணவர்களோடு ஒருமுறை ஒத்திகை பார்த்து வைத்தால் தவறா? வகுப்பறைச் சுவரையும் மாற்றவேண்டுமா?

— ஒரு தமிழாசிரியை, சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கோப்புகளிலிருந்து தொடங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்நேரம் நீங்கள் பாப்புலர் கடையில் வண்ணவண்ணமாகக் கோப்பு உறைகளை வாங்கி வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வாங்கியிருந்தால் பரவாயில்லை, எதற்காவது உதவும்.

துறைத்தலைவரிடம் போய் ஒன்று கேளுங்கள்: “பள்ளி தன்னைப் பற்றி எழுதியிருக்கும் சுய மதிப்பீட்டில் தாய்மொழிப் பகுதியை நான் படிக்கலாமா?” இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே எத்தனையோ ஆசிரியர்கள் வாரக்கணக்கில் தயாராகிறார்கள். வருகிற குழு வெறுங்கையோடு வருவதில்லை. பள்ளி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது சரிதானா என்று பார்க்கத்தான் வருகிறது. அதில் “தமிழ் மாணவர்களிடையே வாசிப்புப் பழக்கம் வலுவாக உள்ளது” என்று யாரோ எழுதி வைத்திருக்க, நீங்கள் நேர்காணலில் “வாசிப்புதான் எங்களுக்குப் பெரிய தலைவலி” என்று சொன்னால், இரண்டில் எது உண்மை என்று அவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? எழுதியிருப்பது மிகையாகத் தோன்றினால் இப்போதே துறைத்தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ஜூலையில் குழுவுக்கு முன்னால் திருத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

உங்கள் மூத்த ஆசிரியர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்பதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது. அவர் 2000க்கு முன்னால் பணியில் சேர்ந்தவரா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் அமைச்சிலிருந்து அதிகாரிகள் வருவார்கள், பார்ப்பார்கள், தீர்ப்பு எழுதுவார்கள். பள்ளி கைகட்டி நிற்கவேண்டியதுதான். 2000இல் கல்வி அமைச்சு ‘ஸ்கூல் எக்சலன்ஸ் மாடல்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. ஆசிரியர் அறையில் நாம் எஸ்இஎம் என்கிறோமே, அதுதான். தொழில் நிறுவனங்களின் தரத்தை அளக்க ஐரோப்பாவில் உருவான ஒரு மாதிரியையும் சிங்கப்பூர்த் தர விருதின் அளவுகோலையும் பள்ளிக்கு ஏற்றபடி தைத்துக்கொண்டது. இதில் பள்ளி முதலில் தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும், வெளிக்குழு அதன்பிறகு வந்து சரிபார்க்கும். ஒன்பது தலைப்புகளில் ஐந்து, ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பற்றியவை: தலைமைத்துவம், திட்டமிடல், ஊழியர் நிர்வாகம், வளங்கள், மாணவரை மையமாகக் கொண்ட செயல்முறைகள். மற்ற நான்கும் விளைவுகள். உங்கள் மூவருடைய வேலை பெரும்பாலும் அந்த மாணவர் செயல்முறைகளில் வரும், கொஞ்சம் தேர்ச்சி முடிவுகளில் வரும். பள்ளி முழுவதையும் நீங்கள் தூக்கிச் சுமக்கவேண்டாம்.

அவர் ‘வயாங்’ என்று சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். காகித மழையில் நனையாத ஆசிரியர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? பள்ளிகளுக்கு அடுக்கடுக்காக விருது கொடுத்த திட்டத்தை முடித்துக்கொள்வதாகக் கல்வி அமைச்சே 2012இல் அறிவித்தது. ஆக, இப்போது ஓடிப்போய் வாங்கவேண்டிய கேடயம் எதுவும் இல்லை. இதை அவரிடம் வாதமாக வைக்காதீர்கள், எடுபடாது. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

சரி, எதைத் தயார் செய்வது? உங்கள் பிரிவு செய்த வேலைகளில் இரண்டை, மிஞ்சிப்போனால் மூன்றை, எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இந்தக் கேள்விகளுக்கு வாய்மொழியாகப் பதில் சொல்லிப் பாருங்கள். ஏன் தொடங்கினோம்? எல்லா வகுப்பிலும் நடந்ததா, ஒரு வகுப்பில் மட்டுமா? பலன் இருந்தது என்று எப்படித் தெரியும்? தெரிந்தபிறகு எதை மாற்றினோம்? குழுவில் யார் வந்தாலும், எந்த வார்த்தையில் கேட்டாலும், சுற்றிச் சுற்றி இங்கேதான் வருவார்கள். அதிலும் ‘எப்படித் தெரியும்’ என்ற இடத்தில்தான் நம்மவர்கள் பலருக்கு நா ஒட்டிக்கொள்ளும். “பிள்ளைகள் ரொம்ப ஆர்வமாக இருந்தார்கள்” என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது.

தாய்மொழி இருவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோலம், உறியடி, பாரம்பரிய உடை, பக்கத்தில் வேட்டி கட்டிய தலைமையாசிரியர். படங்கள் அழகாக இருக்கும், கோப்பும் தடிமனாகும். ஆனால் அதிலிருந்து பிள்ளையின் தமிழ் என்ன ஆனது என்று ஒரு வரிகூடப் படிக்க முடியாது. இந்தக் கோப்பைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை, பின்வரிசையில் வையுங்கள். முன்வரிசைக்கு வேறு மாதிரி ஒன்று வேண்டும்.

எந்த மாதிரி என்று காட்டுகிறேன். தொடக்கநிலை 3 பிள்ளைகள் பலரும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள், வகுப்பில் தமிழில் வாய் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை பத்து நிமிடம், ஒரு படத்தைக் கொடுத்து இருவர் இருவராகப் பேசவைக்கிறீர்கள். பேசுவதை இணையத்தில் உள்ள மாணவர் கற்றல் தளத்தில் பதிவு செய்கிறீர்கள். தவணை முடிவில் பதிவுகளைக் கேட்டால் உண்மை தெரிகிறது: பேசியவர்கள் முன்பே பேசத் தெரிந்தவர்கள்தான். மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் அடுத்த தவணையில் இணையை மாற்றுகிறீர்கள், தயங்குகிறவரே முதலில் தொடங்கவேண்டும் என்று விதி வைக்கிறீர்கள், தொடங்க உதவும் சில சொற்றொடர்களை அட்டையில் எழுதிக் கொடுக்கிறீர்கள். பிப்ரவரியில் “பையன்... பால்... த்ரோ பண்ணான்” என்ற பிள்ளை மே மாதத்தில் “பையன் பந்தை வீசுனான், அது ஜன்னல்ல பட்டு ஒடஞ்சுபோச்சு” என்கிறது. அந்த இரண்டு பதிவுகளையும், நடுவில் நீங்கள் மாற்றிய அந்த விதி எழுதிய கூட்டக் குறிப்பையும் வைத்தால் போதும். முதல் முயற்சி சரியாக வரவில்லை என்பதை மறைக்க நினைப்பீர்கள். மறைக்காதீர்கள். பார்த்தோம், மாற்றினோம் என்பதற்கு அதுதான் ஆதாரம். எல்லாம் முதல் நாளிலிருந்தே வெற்றி என்று வரிசையாக எழுதிய சுருக்கத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரும்.

இடையில் ஒன்று. “ஒடஞ்சுபோச்சு” என்று பிள்ளை பேசியதைக் கேட்டு, தமிழ் தெரிந்த யாராவது முகம் சுளித்தால் தடுமாறாதீர்கள். 2005இல் வந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வே வகுப்பறையில் நல்ல பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. பேச்சில் பேச்சுத்தமிழ், எழுத்தில் எழுத்துத்தமிழ் என்று நீங்கள் தெரிந்துதான் செய்கிறீர்கள் என்பதை நிதானமாகச் சொல்லுங்கள்.

தொடக்கநிலை 1, 2க்கு எண்களைத் தேடி அலையவேண்டாம். 2019 முதல் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வே இல்லை. கேட்டல், பேசுதல், வாசித்தலில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்ற குறிப்புகள்தான் உங்கள் ஆதாரம். அதேபோல், பழைய கோப்புகளில் அரையாண்டுத் தேர்வுக்கு ஒரு பத்தி இருக்கும், அண்மைக் கோப்புகளில் அது காலியாகக் கிடக்கும். அரையாண்டுத் தேர்வுகள் படிப்படியாக எடுக்கப்பட்டு 2023க்குள் எல்லா நிலைகளிலும் இல்லாமல் போய்விட்டன. காலியிடத்தைப் பார்த்துப் பதறி எதையாவது இட்டு நிரப்பிவிடாதீர்கள். அந்தத் தேர்வு எடுக்கப்பட்டபின் கிடைத்த நேரத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கட்டும். அது நல்ல கேள்வி, நானாக இருந்தால் கேட்பேன்.

போன ஆண்டு முடிவுகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் உங்களை அதிகம் உறுத்துவது இதுதான் என்று படுகிறது. எத்தனை பிள்ளைகள் எழுதினார்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. மூன்று தமிழாசிரியர் உள்ள பள்ளி என்றால் ஒரு நிலைக்கு இருபது பேர் இருந்தால் பெரிது. அங்கேதான் சூட்சுமம். ஒரு ஆண்டு 20 பேர் எழுதி, 18 பேர் நீங்கள் வைத்த இலக்கை எட்டினால் 90 விழுக்காடு. அடுத்த ஆண்டு 16 பேர் எழுதி 13 பேர் எட்டினால் 81 விழுக்காடு. வரைபடத்தில் போட்டால் மலையிலிருந்து உருண்டதுபோல் தெரியும். எட்டாதவர்களை எண்ணிப் பாருங்கள்: முன்பு இருவர், இப்போது மூவர். கூடியது ஒரே ஒரு பிள்ளை.

ஆகவே உங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தில் விழுக்காட்டை மட்டும் தனியாக எழுதாதீர்கள். பக்கத்திலேயே எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஒரு ஆண்டை அடுத்த ஆண்டோடு ஒப்பிடுவதைவிட, அதே பிள்ளைகள் தொடக்கநிலை 4 முடிவில் எங்கே இருந்தார்கள், 6 முடிவில் எங்கே வந்தார்கள் என்று காட்டுவது சிறிய பிரிவுக்குப் பொருந்தும். தேசிய சராசரியோடு ஒப்பிட்டு ஒரு கோடு போடுவார்கள், போடட்டும். 16 பேருக்கு அந்தக் கோடு ஆண்டுக்காண்டு ஆடத்தான் செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். அதைச் சாக்காகச் சொன்னதுபோல் ஆகாமல் இருக்க, அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்பதையும் உடனே சொல்லவேண்டும். கருத்தறிதலில் விழுந்தார்களா, கட்டுரையிலா, வாய்மொழியிலா? தொடக்கநிலை 5இலேயே அடையாளம் தெரிந்ததா? தெரிந்திருந்தால் என்ன செய்தீர்கள்? இப்போது தொடக்கநிலை 5இல் அதே மாதிரி யார் இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இருந்தால் போன ஆண்டின் சறுக்கலைப் பற்றி அதிகம் பேசவேண்டியிராது.

பழைய கோப்புகளில் பிஎஸ்எல்இ முடிவுகள் 2020 வரைக்கும் ஏ ஸ்டார், ஏ, பி என்று இருக்கும். 2021இலிருந்து அடைவுநிலை 1 முதல் 8 வரை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒட்டாதீர்கள், எல்லைகள் ஒன்றல்ல. இதைச் செய்த வரைபடங்கள் உங்கள் பள்ளியில் ஏற்கெனவே இருந்தால் ஓசைப்படாமல் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஆங்கிலச் சுருக்கம். மொழிபெயர்ப்பில்தான் நம் வேலை மெலிந்துபோகிறது. குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று எண்ணிக்கொள்ளவேண்டாம். பிள்ளையின் கட்டுரை, முதல் வரைவும் திருத்திய வரைவும், தமிழிலேயே இருக்கட்டும். ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி: முதல் வரைவில் நிகழ்ச்சிகள் மட்டும், ஆசிரியர் கேட்ட கேள்விக்குப்பின் இரண்டாம் வரைவில் காரணமும் உணர்வும் சேர்ந்திருக்கின்றன. தமிழ் தெரியாதவருக்கும் பக்கத்தின் நீளமும் அடித்தல் திருத்தலும் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடுங்கள். எழுதி முடித்தபிறகு மலாய் ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, தாளைப் பார்க்காமல் உங்கள் வேலையை ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அவர் அதைத் திருப்பிச் சொல்லட்டும். எங்கே தடுக்குகிறாரோ அங்கே உங்கள் விளக்கம் மங்கலாக இருக்கிறது. இந்தப் பயிற்சியை ஒரு தேநீர் வேளையில் முடித்துவிடலாம்.

இப்போது மூத்த ஆசிரியர். உங்கள் மூவரில், பழைய வாசிப்புத் திட்டம் ஒன்று ஏன் வந்தது, நடுவில் ஏன் நிறுத்தினார்கள், பிறகு யார் எடுத்து நடத்தினார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கோப்பில் தேதி மட்டும்தான் இருக்கும், காரணம் அவர் நினைவில் இருக்கும். “சார், இந்தத் தொடக்கநிலை 4 வாசிப்புத் திட்டத்தை நீங்கள் ஏன் மாற்றினீர்கள்? சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன்” என்று போய் உட்காருங்கள். எழுதுவது உங்கள் வேலை, அவர் பேசினால் போதும். ஒதுங்கிப்போகிறவர்கள் பலருக்கு உள்ளே இருப்பது அலட்சியம் அல்ல, ஆங்கிலத்தில் நேர்காணல் என்ற தயக்கம். அது அவருக்கும் இருக்கிறதோ என்னவோ. இருந்தால், தெரிந்ததை எளிய ஆங்கிலத்தில் சொன்னால் போதும், இலக்கணத்துக்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை என்று போகிற போக்கில் சொல்லிவையுங்கள். மற்றவர்கள் முன்னால் சொல்லவேண்டாம்.

ஒத்திகை வேண்டாம். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையிலேயே அது கவிழ்ந்துவிடும். நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் பத்துக் கை தூக்கியிருக்கும். முன்வரிசையில் ஒரு பிள்ளை “டீச்சர், இத நேத்தே செஞ்சோமே” என்று உரக்கச் சொல்லும். சொல்லாவிட்டாலும், எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த வகுப்பில் நீங்கள் கற்பிப்பது எங்கே தெரியும்? பார்க்க வருகிறவர் தேடுவது, ஒரு பிள்ளை தவறாகச் சொன்னதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை. அதற்கு யாராவது தவறவேண்டும்.

அன்றைக்கு வழக்கமாக எந்தப் பாடம் வருமோ அதையே எடுங்கள். ஆனால் வழக்கங்களை இப்போதிருந்தே பழக்குங்கள்: குழுவாக உட்கார நாற்காலி நகர்த்துவது, கருவிகளில் நுழைவது, கடவுச்சொல் மறந்த பிள்ளை என்ன செய்வது. இவற்றில் பத்து நிமிடம் போய்விட்டால் பாடமே தெரியாது. இதை ஒத்திகை என்று சொல்லமுடியாது, வகுப்பு நிர்வாகம்தான். விருந்தினர் பின்னால் உட்கார்ந்து உங்களிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் போதும். பதிலை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். இன்ன பாடம் எதற்காகப் படிக்கிறோம் என்று அன்றாடம் வகுப்புத் தொடக்கத்தில் நீங்கள் சொல்லிவந்தால் அவர்களாகவே சொல்வார்கள்.

சுவர்: தூசு தட்டுங்கள், கிழிந்ததை எடுங்கள், போன ஆண்டு பொங்கல் வாழ்த்து இன்னும் தொங்கினால் கழற்றுங்கள். புதிதாகக் கடையில் வாங்கி ஒட்டுவதைவிட பிள்ளைகள் எழுதியது, எழுத்துப்பிழையைத் திருத்திய தடத்தோடு, இருக்கட்டும். இதற்குமேல் சுவருக்கு நேரம் கொடுக்கவேண்டாம்.

நாட்காட்டியையும் பாருங்கள். ஜூலை 21 இன நல்லிணக்க நாள். வருகை அந்த வாரத்தை ஒட்டி வந்தால் மண்டபம், ஒலிபெருக்கி, உடை, பெற்றோர் தொண்டூழியர்கள் என்று இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதும். தமிழ்ப் பிரிவு என்றாலே நடனமும் ரங்கோலியும் கேட்டு வருவார்கள். யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று ஜூன் விடுமுறைக்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், தொடக்கநிலை 6 பிள்ளைகளின் வாய்மொழிப் பயிற்சி. பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வந்துவிடும். காணொளியைப் பார்த்துவிட்டு உரையாடுவதற்கு அவர்களுக்கு ஜூலை முழுவதும் பயிற்சி தேவை. “இந்த வாரம் மட்டும் அந்த நேரத்தைக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுங்கள்” என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேறு நேரம் பார்க்கச் சொல்லுங்கள்.